ஐரோப்பாவின் பழங்கட்டடங்களைப் படமெடுக்க: திசையும் நேரமும் அனுமதியும் – முழுமையான வழிகாட்டி

ஐரோப்பியப் பயணப் படங்கள் பலவும் ஒரே காரணத்தால்தான் சொதப்புகின்றன. கட்டடம் ஒரு பக்கம் பார்க்கிறது, சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. கேமரா எவ்வளவு விலையுள்ளதாக இருந்தாலும், எதிர்வெளிச்சத்தில் கருத்துப்போன கல்சுவரும் வெளிறிப்போன வானமும்தான் கிடைக்கும். ஆகவே விமான டிக்கெட் எடுத்த கையோடு செய்ய வேண்டிய வேலை லென்ஸ் வாங்குவது அல்ல. பார்க்கப் போகும் ஒவ்வொரு கட்டடத்தின் முகப்பும் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஒரு தாளில் எழுதுவதுதான் முதல் வேலை. நுழைவு நேரம், தங்கும் விடுதி, எந்த ஊரில் எத்தனை இரவு என்பதெல்லாம் அந்தத் தாளைப் பார்த்து முடிவாகட்டும்.

முதல் படி: திசையைக் கண்டுபிடிப்பது

இணைய வரைபடத்தில் செயற்கைக்கோள் காட்சியை வடக்கு மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். முகப்பு எந்தப் பக்கம் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதன்பின் போட்டோபில்ஸ், சன் சர்வேயர் போன்ற செயலி ஒன்றில் நீங்கள் போகும் தேதியைக் கொடுத்தால், எந்த மணிக்குச் சூரியன் எந்தக் கோணத்தில் நிற்கும் என்று கோடு போட்டுக் காட்டும்.

இடைக்காலத் தேவாலயங்களுக்குப் பொதுவான விதி ஒன்று உண்டு. பலிபீடம் கிழக்கே, பெரிய வாசல் மேற்கே. எனவே பாரிஸின் நோத்ர தாம், ஜெர்மனியின் கொலோன் பேராலயம் இரண்டின் இரட்டைக் கோபுர முகப்பிலும் மதியத்துக்குப் பிறகுதான் வெயில் விழும். காலை ஒன்பது மணிக்குப் போய் நின்றால் முகப்பு முழுக்க நிழல்.

விதிவிலக்குகளைத்தான் நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். வத்திக்கானின் புனித பேதுரு பேராலய முகப்பு கிழக்கு நோக்கியது; அதற்குக் காலை வெயில். பார்சிலோனாவின் அந்தப் பகுதியில் தெருக்கள் ஏறக்குறைய 45 டிகிரி திரும்பியிருப்பதால், சாக்ராதா ஃபமீலியா தேவாலயத்தில் இயேசுவின் பிறப்பைக் காட்டும் முகப்பு வடகிழக்கையும் அவருடைய பாடுகளைக் காட்டும் முகப்பு தென்மேற்கையும் பார்க்கின்றன. முதலாவதைக் காலையில் எதிரே உள்ள கௌதி சதுக்கத்துக் குளத்தின் கரையிலிருந்து, தண்ணீரில் பிம்பத்தோடு எடுங்கள். இரண்டாவதை மாலையில்.

ரோமில் இரண்டு இடங்கள் ஏமாற்றும். பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனின் தூண் மண்டபம் வடக்கு நோக்கியது. ஜூன், ஜூலையில் சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைவதால் விடியலிலும் அந்தியிலும் சாய்வாகக் கொஞ்சம் வெளிச்சம் வரலாம். அதையும் சுற்றியிருக்கும் வீடுகள் பெரும்பாலும் மறைத்துவிடும். கொலோசியத்தில் நான்கு அடுக்கும் முழுமையாக நிற்கும் வெளிச்சுவர், அதாவது எல்லாரும் எடுக்க விரும்பும் 48 மீட்டர் உயரப் பக்கம், வடக்கே இருக்கிறது. தென்பக்க வெளிச்சுவர் எப்போதோ போய்விட்டது. குளிர்காலத்தில் போகிறவர்கள் அந்த வடமுகத்தில் வெயிலுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். மெட்ரோ நிலையத்துக்கு மேலே உள்ள மேட்டுச் சாலையிலிருந்து, விளக்குகள் வளைவுகளுக்குள் எரியத் தொடங்கும் அந்தி நேரத்துக்கு அதை ஒதுக்கிவிடுங்கள்.

ஏதென்ஸின் பார்த்தனான் கோயிலுக்கு உண்மையான வாசல் கிழக்கே. ஆனால் நாம் ஏறிப்போவது மேற்குப் பக்கமாக. அதனால் முதலில் கண்ணில் படும் மேற்கு முனைக்கு மாலை வெயிலே பொருத்தம். கோடையில், அது நிற்கும் அக்ரோபோலிஸ் குன்று காலை 8 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும். கடைசி இரண்டு மணி நேரத்துக்கான நுழைவை எடுங்கள். கடும் வெப்ப நாட்களில் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் மூடியும் விடுகிறார்கள். குன்றின் சுண்ணாம்புப் பாறை பல நூற்றாண்டு நடமாட்டத்தில் வழுவழுத்துப்போனது. லேசான மழைத் தூறலே போதும், சறுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ கட்டாயம்.

நம் ஊர் வெயில் கணக்கு அங்கே செல்லாது

சென்னையில் டிசம்பர் மாத நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 50 டிகிரிக்கு மேல் நிற்கும். பாரிஸில் அதே நாளில் 18 டிகிரியைத் தாண்டாது. படத்துக்கு இது நல்லதுதான். நாள் முழுக்கச் சாய்வான வெயில் கிடைக்கும், கல்லில் செதுக்கிய ஒவ்வொரு மடிப்பும் தெரியும். ஆனால் குறுகிய தெருக்களுக்குள் வெயில் இறங்கவே இறங்காது. மாலை ஐந்துக்குள் பொழுதும் சாய்ந்துவிடும். ஜூனிலோ பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். விடுதியிலிருந்து தொலைவில் இருந்தால் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று, கடிகாரத்தின் பன்னிரண்டு மணி நண்பகல் அல்ல. கோடை நேர மாற்றத்தால் ஸ்பெயினின் கிரனாடாவில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் 2.15 வாக்கில், பாரிஸில் 1.50 வாக்கில், ரோமில் 1.10 வாக்கில். "காலை 11 மணிக்கு வெயில் கடுமையாகிவிடும்" என்ற நம் பழக்கக் கணக்கை ஸ்பெயினில் இரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும்.

பாந்தியனுக்குள் இந்தக் கணக்கு நேரடியாகப் பயன்படும். 43.3 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தின் உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத் திறப்பு. அதன் வழியே விழும் ஒளிக்கற்றை சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நகரும். குளிர்காலத்தில் அது குவிமாடத்தின் உட்புறத்திலேயே நின்றுவிடும், தரைக்கு வராது. ஏப்ரல் 21-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் ஒளி வாசலையே தொடும். அதன் பிறகு கோடை முழுதும் உச்சிப்பொழுதில் ஒளி தரையில் விழும். ஆகவே கோடையில் 12.45-க்கு உள்ளே போய் 1.30 வரை இருங்கள். 2023 ஜூலை முதல் இதற்குக் கட்டணம் உண்டு என்பதால் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: டிக்கெட், பெயர், பாஸ்போர்ட்

கொலோசியம், கிரனாடாவின் அரண்மனைக் கோட்டையான அல்ஹம்ப்ரா, அக்ரோபோலிஸ், சாக்ராதா ஃபமீலியா நான்கிலும் நேரம் குறித்த டிக்கெட்தான். கொலோசியம், அல்ஹம்ப்ரா இரண்டிலும் டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது தலைப்பெழுத்து விரிந்து அப்பா பெயர் அங்கே போயிருக்கும். இணையப் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடாது. பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது அச்சாகியிருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். குடும்பப்பெயர் இல்லையென்றால் சொந்தப் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், ஒற்றை எழுத்து இனிஷியல் இரண்டும் வேண்டாம். குழந்தைகளுக்கும் இதே கவனம் தேவை.

ஷெங்கன் விசா கைக்கு வரும் முன்னே பணம் திரும்பாத டிக்கெட் எடுக்கலாமா என்று தயங்குவது நியாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்க முடியும் என்பதால் விசாவை முதலில் முடித்துக்கொள்வதே நல்லது. விசா கிடைத்ததும் முதலில் எடுக்க வேண்டியது அல்ஹம்ப்ரா டிக்கெட். அதுதான் சீக்கிரம் தீரும். இத்தாலியில் மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் இலவசம். அன்றைக்குப் படம் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், தலைகள்தான் படத்தில் இருக்கும்.

கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். நூற்றாண்டுகள் பழைய கல்லில் பராமரிப்பு ஓய்வதே இல்லை. அதிகாரப்பூர்வ இணையதள அறிவிப்பும், முந்தைய வாரம் பயணிகள் ஏற்றிய படங்களும் உண்மையைச் சொல்லிவிடும். சாரம் இருந்தால் உள்ளே எடுப்பதையும் நுண்ணிய சிற்பங்களை நெருங்கி எடுப்பதையும் திட்டத்தில் முன்னே கொண்டுவாருங்கள்.

மூன்றாம் படி: பையில் என்ன

ஒரு கேமரா, 24–70 மி.மீ. போன்ற ஒரு பொது லென்ஸ், 16 மி.மீ. வரை போகும் ஒரு வைடு லென்ஸ். இது போதும். உயரத்துச் சிற்பங்களில் உங்களுக்கு ஆசை என்றால் மட்டும் 70–200. இரண்டு மெமரி கார்டு, இரண்டு உபரி பேட்டரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் வையுங்கள்.

ட்ரைபாட் பற்றி ஆசை வேண்டாம். அல்ஹம்ப்ரா உட்படப் பெரும்பாலான இடங்களில் உள்ளே கொண்டுபோக முடியாது. கிரேக்கத் தொல்லியல் இடங்களில் தனி அனுமதி கேட்பார்கள். ஆற்றங்கரையிலும் பாலத்திலும் அந்திப் படம் எடுக்க மட்டும் ஒன்றை விடுதியில் வைத்திருங்கள். பை சிறியதாக, மார்புப் பக்கம் மாட்டக்கூடியதாக இருக்கட்டும். கூட்டமான மெட்ரோவில் திருடர்களிடமிருந்து காக்கவும், பழைய சுவரில் முதுகுப்பை உரசாமல் இருக்கவும் இதுவே வழி. பாரிஸின் சாந்த் ஷபெல் சிற்றாலயம் நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் விமான நிலையம்போலச் சோதனை நடக்கும். மடக்குக் கத்தி, கண்ணாடிப் பாட்டில் எதுவும் கூடாது.

வழிபாட்டு இடங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை. புனித பேதுருவில் இதைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். கோடையில் ஒரு மெல்லிய துப்பட்டா பையில் இருந்தால் போதும்.

நான்காம் படி: கோபுரம் பின்னால் சாயாமல் எடுப்பது

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தவுடன் செங்குத்துக் கோடுகள் உச்சியில் குவிந்து, கட்டடம் பின்னால் விழுவதுபோல் ஆகிவிடும். கேமரா மட்டமாக இருந்தால் இது நேராது. அப்படியானால் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்? முழுச் சட்டக (36×24 மி.மீ. சென்சார் உள்ள) கேமராவை நெட்டுவாக்கில் பிடித்தால், கட்டட உயரத்தைக் குவியத் தூரத்தால் (லென்ஸின் மி.மீ. எண்ணால்) பெருக்கி 18-ஆல் வகுங்கள். 24 மி.மீ. லென்ஸுக்கு உயரத்தின் 1.3 மடங்கு தூரம், 16 மி.மீ.க்கு 0.9 மடங்கு, கைபேசியின் முதன்மை லென்ஸுக்கு ஏறக்குறைய 1.4 மடங்கு. கொலோசியத்துக்குக் கைபேசியோடு 70 மீட்டர் தள்ளி நின்றால் போதும், இடமும் இருக்கிறது.

கொலோனில்தான் கணக்கு இடிக்கும். கோபுரங்கள் 157 மீட்டர். 16 மி.மீ. லென்ஸுக்கே சுமார் 140 மீட்டர் வேண்டும். முன்னால் அத்தனை திறந்தவெளி இல்லை. மூன்று வழிகள் உண்டு. ஒன்று, சாய்த்து எடுத்துப் பிறகு மென்பொருளில் நிமிர்த்துவது. அப்படிச் செய்தால் இரு பக்கமும் வெட்டுப்படும் என்பதால் சுற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டு எடுங்கள். முழுதாக நிமிர்த்தவும் வேண்டாம். கண் எதிர்பார்க்கும் கொஞ்சச் சாய்வை விட்டுவிட்டால்தான் இயல்பாக இருக்கும். இரண்டாவது, முழுக் கோபுர ஆசையை விட்டுவிட்டு வாசல் வளைவுகளை மட்டும் எடுப்பது. மூன்றாவது, ரைன் நதியைக் கடந்து கிழக்குக்கரையான டாய்ட்ஸுக்குப் போவது. ஹோஹென்ஸோலர்ன் பாலத்தின் இரும்பு வளைவுகள் உங்களைக் கோபுரங்களை நோக்கி இழுத்துச் செல்லும். பின்னால் சூரியன் மறையும். ஊரில் நல்ல படம் கிடைப்பது அங்கேதான்.

ஐந்தாம் படி: உள்ளே, ட்ரைபாடும் ஃபிளாஷும் இல்லாமல்

தேவாலயத்தின் உள்ளே இருட்டு; ஜன்னல் மட்டும் எரியும் வெளிச்சம். கேமராவின் தானியங்கி அளவு இருட்டைப் பார்த்து ஏமாந்து, வண்ணக் கண்ணாடியை வெள்ளைத் திட்டாக எரித்துவிடும். முதலில் எது உங்கள் படம் என்று தீர்மானியுங்கள்.

ஜன்னல்தான் படம் என்றால், ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் கண்ணாடியையே அளந்து, எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) அங்கே பூட்டுங்கள். கைபேசியில் ஜன்னலை அழுத்திப் பிடித்துச் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கல் கருப்பாகிவிடும், ஆகட்டும். சாந்த் ஷபெலில் மேல்தளத்தின் 15 ஜன்னல்களும் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் 1,113 காட்சிகள். நீலமும் சிவப்பும்தான் மிகுதி. கேமரா திரையில் படம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிந்து, துணிமடிப்பு விவரமெல்லாம் போயிருக்கும். ஒவ்வொரு வண்ணத்தின் வெளிச்சத்தையும் வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்பு வலது ஓரத்தை முட்டாதபடி எக்ஸ்போஷரை இன்னும் அரை ஸ்டாப் (அரைப் படி) குறையுங்கள்.

மண்டபம் முழுவதும்தான் படம் என்றால், கேமரா சுருக்காமல் சேமிக்கும் ரா கோப்பில், பிறகு ஒன்றாக இணைக்க −2, 0, +2 என மூன்று எக்ஸ்போஷர். தொடர் ஷாட் முறையில் வைத்து, தூணிலோ பெஞ்சின் முதுகிலோ கேமராவைச் சாய்த்து, மூச்சை விட்டபடி அழுத்துங்கள். தொடக்க அமைப்பு: லென்ஸ் துளை எஃப் 4, 1/30 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600 முதல் 3200. புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், அசைந்த படத்தை முடியாது. அதனால் ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்க வேண்டாம். கைபேசியின் 0.5 லென்ஸ் இருட்டில் பலவீனமானது. முதன்மை லென்ஸில் இரண்டு மூன்று படம் எடுத்து ஒட்டுவது தெளிவாக இருக்கும்.

ஓசையற்ற மின்னணு ஷட்டரில் எடுத்தால், எல்இடி விளக்குகளின் கீழே படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் வரக்கூடும். ஐரோப்பாவின் மின்சாரமும் நம்முடையதைப்போல 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். வழிபாடு நடக்கும்போது இரண்டு ஷட்டருமே ஓயட்டும். கொலோனில் திருப்பலி நேரத்தில் சுற்றுலாப் பயணிகளைச் சுற்றிப்பார்க்க விடுவதும் இல்லை.

சிலுவை வடிவில் அமைந்த அதே பேராலயத்தின் தெற்குக் கைப்பகுதியில் 2007-இல் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்த ஜன்னல் இருக்கிறது. 72 வண்ணங்களில் 11,000-க்கும் மேற்பட்ட சதுரக் கண்ணாடிகள். தெற்கு நோக்கியது, ஆகவே வெயிலுள்ள நாளின் உச்சிப்பொழுதில் தரையிலும் தூணிலும் வண்ணக்கட்டங்கள் சிதறும். ஜன்னலை எடுத்து முடித்ததும் திரும்பி அந்தத் தூணை எடுங்கள். சாக்ராதா ஃபமீலியாவிலும் இப்படித்தான்: காலையில் பிறப்புப் பக்கத்திலிருந்து நீலமும் பச்சையும், மாலையில் எதிர்ப்பக்கத்திலிருந்து செம்மஞ்சளும் சிவப்பும். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் கேமரா அந்த வண்ணத்தை "திருத்தி" வெளுக்கடித்துவிடும். பகல் வெளிச்ச அமைப்பில் பூட்டுங்கள்.

அல்ஹம்ப்ராவுக்குத் தனியாகக் கொஞ்சம்

டிக்கெட்டில் குறித்திருக்கும் நேரம் நஸ்ரித் அரண்மனை வாசலுக்கானது, வளாகத்தின் வாசலுக்கானது அல்ல. பிரதான வாசலிலிருந்து அங்கே நடக்கவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். டிக்கெட் கையில் இருந்தால், நகரப் பக்கமிருந்து ஏறி நீதி வாயில் வழியாக நுழையுங்கள். அது அரண்மனைக்கு அருகில். அசல் பாஸ்போர்ட் அவசியம்.

மிர்ட்டில் செடி முற்றத்தின் நீள்குளம் தெற்கு வடக்காக ஓடுகிறது. கோமாரெஸ் கோபுரம் வடக்கு முனையில் நின்று தெற்கைப் பார்க்கிறது, எனவே பகலில் பெரும்பகுதி நேரம் அதன்மேல் வெளிச்சம் உண்டு. தென்முனையில் நின்று கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினால் கோபுரம் முழுதும் குளத்தில் தலைகீழாக விழும். நின்ற உயரத்தில் எடுத்தால் பாதிதான் வரும். காற்று எழும்பினால் பிம்பம் கலையும். அதனால் காலையின் முதல் நுழைவு நேரமே சிறந்தது. நுழைந்ததும் மற்ற அறைகளில் நிற்காமல் நேராகக் குளத்துக்குப் போங்கள். உங்களுக்குப் பின்னால் அடுத்த குழு வருவதற்குள் சில நிமிடம் கிடைக்கும்.

எதிர்மலையின் சான் நிக்கோலாஸ் முற்றத்திலிருந்து தெரிவது அல்ஹம்ப்ராவின் வடக்குப் பக்கம். நண்பகலில் அது எதிர்வெளிச்சம். கோடை அந்தியில் வடமேற்கிலிருந்து வரும் வெயில் சுவரைச் சிவக்க வைக்கும், ஆனால் பின்னாலுள்ள சியரா நெவாடாவில் பனி இருக்காது. குளிர்காலத்தில் பனி இருக்கும், வெயில் சுவருக்கு வராது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது ஏப்ரலில். தேதியை நீங்களே தீர்மானிக்க முடியுமானால் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறாம் படி: அந்தி நீலம்

சூரியன் மறைந்து அடிவானத்துக்குக் கீழே 4 முதல் 6 டிகிரி இருக்கும்போது, வானத்தின் நீலமும் கட்டடத்தின் விளக்கும் ஒரே அளவு வெளிச்சத்துக்கு வரும். ரோமிலும் ஏதென்ஸிலும் இது வெகுநேரம் நீடிக்காது. சூரியன் மறையும் முன்பே இடம்பிடித்து நில்லுங்கள். ட்ரைபாடில் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, சில நொடிகள் எக்ஸ்போஷர், இரண்டு நொடி டைமர். ட்ரைபாடில் வைத்ததும் லென்ஸின் அசைவுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். சில லென்ஸ்களில் அதுவே படத்தைக் கலைக்கும். ரோமில் உம்பெர்தோ பாலத்தின் மேல் நின்று மேற்கே பார்த்தால் சந்த் ஆஞ்செலோ பாலமும் புனித பேதுருவின் குவிமாடமும் டைபர் நதியில் பிம்பத்தோடு வரும். ஏதென்ஸில் அக்ரோபோலிஸை எடுக்க ஃபிலோபாப்போஸ் குன்று.

எடுக்கக் கூடாதவை, விற்கக் கூடாதவை

வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் படமே எடுக்கக் கூடாது, ஃபிளாஷ் இல்லாமலும்கூட. மறைவாக ஒன்று எடுக்க முயன்று நேரத்தைக் கழிப்பதைவிடத் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு வருவது மேல்.

ஈஃபல் கோபுரம் 1889-இல் கட்டியது, அதன் வடிவத்துக்கு இன்று காப்புரிமை இல்லை. ஆனால் 1985-இல் அமைத்த இரவு ஒளியமைப்பு தனிப் படைப்பாகக் காக்கப்படுகிறது. நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளலாம், நண்பர்களோடு பகிரலாம். இரவுப் படத்தை விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ பயன்படுத்த நிர்வாக நிறுவனத்தின் அனுமதி வேண்டும். இத்தாலியில் 2004-ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின்படி, அரசு நினைவுச்சின்னங்களின் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துவதற்கு அனுமதியும் கட்டணமும் உண்டு. சொந்த உபயோகத்துக்கு இல்லை. திருமணத்துக்கு முந்தைய போட்டோஷூட் என்று பட்டுப்புடவை, ஒளித்தட்டு, உதவியாளர் சகிதம் போகிறவர்களைக் காவலர்கள் வணிகப் படப்பிடிப்பாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். அந்தந்த இடத்து நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுதி, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

ட்ரோன் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு: 250 கிராமுக்குக் குறைவானதாக இருந்தாலும் கேமரா இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் ட்ரோனை இயக்குபவராகப் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவர் முதலில் பறக்கவிடும் நாட்டில் பதிந்து, அந்த எண்ணை ட்ரோனில் ஒட்டிக்கொள்ள வேண்டும். உயரம் 120 மீட்டருக்குள். பாரிஸ், ரோம் மையப் பகுதிகளில் இவ்வளவு செய்தும் பறக்கவிட முடியாது. கிராமப்புறக் கோட்டைகளுக்குப் போகும் திட்டம் இல்லையென்றால் ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டு, அந்த எடைக்கு இன்னொரு பேட்டரியும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.